மட்டக்களப்பில் எந்த நேரத்துக்கு எந்தக் கடை?

"மட்டக்களப்பில் எந்தக் கடைச் சாப்பாடு நல்லது?" என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். "இப்ப காலை ஏழு மணி, பிட்டு சாப்பிட எங்கே போகலாம்?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் திருத்தமாக வரும். இந்த ஊரில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு நேரம் உண்டு, ஒரு கரை உண்டு. காலையில் இடியப்பத்துக்குப் பேர்போன கடையில் மத்தியானச் சோறு ஏனோதானோவென்று இருக்கும். இரவில் கொத்துக்காகக் கூட்டம் நிற்கும் கடை பகலில் பூட்டிக் கிடக்கும். சமையற்காரர் வெளிநாட்டுக்குப் போய்விட்டால் பெயர்ப்பலகை அப்படியே இருக்க, ருசி மட்டும் மாறிப்போகும். ஆகவே இந்த அத்தியாயத்தில் கடைப் பெயர்களின் பட்டியல் இல்லை. எந்த மணிக்கு எந்தப் பக்கம் போவது, போனதும் எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது என்பவைதான் இருக்கின்றன. அவை தெரிந்தால் இங்கே மோசமாகச் சாப்பிடுவது கடினம்.

ஊரின் கிடப்பு

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு எல்லாம் அதில்தான். வாவிக்கு மேற்கே படுவான்கரை. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, மண்டூர் என்று வயலும் மாட்டுப்பட்டியுமாக விரியும் பக்கம் அது. நடுவிலே வாவி சூழ்ந்த தீவாகப் புளியந்தீவு. 1628 இல் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கி 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையும், வங்கிகளும், பழைய பள்ளிக்கூடங்களும், பொதுச் சந்தையும் இந்தத் தீவில்தான் இருக்கின்றன.

சாப்பாட்டைத் தேடுபவருக்கு இந்தப் புவியியல் அவசியம். மீனும் இறாலும் நண்டும் எழுவான்கரையிலிருந்து வருகின்றன. நெல்லும் பாலும் தயிரும் படுவான்கரையிலிருந்து வருகின்றன. இரண்டும் சேரும் இடம் பட்டினம். 1924 இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013 இல் புதுப் பாலமும், 2014 இல் மண்முனைப் பாலமும் திறந்த பிறகு கரை மாறிச் சாப்பிடுவது இலேசாகிவிட்டது. முன்பெல்லாம் மண்முனைத் துறையில் பாதைப் படகுக்குக் காத்திருந்து வாவியைக் கடந்தவர்கள், இப்போது முச்சக்கர வண்டியிலேயே கொக்கட்டிச்சோலைக்குப் போய் வருகிறார்கள்.

கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று சொல்வது வழக்கம். 1990 வன்முறையில் விழுந்த காயங்கள் சின்னவை அல்ல. என்றாலும் சந்தையும் அடுப்பும் ஒன்றையொன்று விட்டதில்லை. காலைச் சாப்பாடு தமிழ்க் கடையில், இராச் சாப்பாடு முஸ்லிம் கடையில் என்று வைத்துக்கொள்ளும் உள்ளூர்க்காரர் ஏராளம். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

காலை: ஆறு முதல் ஒன்பது வரை

காலையில் தேட வேண்டியது பிட்டு, இடியப்பம், அப்பம். கூடவே சொதி, தேங்காய்ச் சம்பல், பருப்பு, மீன் கறி. பட்டினத்தில் பஸ் நிலையத்தையும் புகையிரத நிலையத்தையும் சுற்றியுள்ள சிறு கடைகளிலும், ஊர்களில் சந்தித் தேத்தண்ணிக் கடைகளிலும் இவை கிடைக்கும். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து விடியப்புறம் இறங்குபவர்கள் அறைக்குப் போய்ப் படுத்துவிடாமல் நேரே இங்கே வருவது நல்லது. ஒன்பதரைக்கு வந்தால் பாணும் பருப்பும்தான் மிஞ்சும்.

பல கடைகளில் இடியப்பமும் அப்பமும் கடையில் அவிப்பதில்லை. பக்கத்து வீடுகளில் பெண்கள் விடியற்காலையில் அவித்துக் கடைக்குக் கொடுக்கிறார்கள். சைக்கிளிலோ முச்சக்கர வண்டியிலோ பெட்டி வந்து இறங்கும். அதனால் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "இடியப்பம் எத்தனை மணிக்கு வரும்?" என்பதே. "வந்துட்டு, சூடா இரிக்கி" என்றால் உட்காருங்கள். "இரிக்கி" என்று மட்டும் சொன்னால் பிட்டுக்கு மாறிவிடுங்கள். ஆறிய இடியப்பம் சொதியில் ஊறினால் களியாகிவிடும். பிட்டு சற்று ஆறினாலும் தாங்கும்.

பிட்டை இங்கே இரண்டு விதமாகச் சாப்பிடுவார்கள். மீன் கறியும் சம்பலும் போட்டு உறைப்பாகச் சாப்பிடுவது ஒன்று. எருமைத் தயிர், வாழைப்பழம், சீனி போட்டுப் பிசைந்து சாப்பிடுவது மற்றது. முதற் பாதியை உறைப்பாகவும் பிற்பாதியைத் தயிரோடும் முடிப்பவர்கள்தான் விஷயம் தெரிந்தவர்கள்.

உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு தட்டில் வடை, றோல்ஸ், வாழைப்பழம் எல்லாம் கொண்டுவந்து வைப்பார்கள். புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்துப் பயந்துவிடுவதுண்டு. எடுத்துச் சாப்பிட்டதை மட்டும் எண்ணிக் கணக்குப் போடுவார்கள், மிச்சம் திரும்பிப் போகும். திரும்பிப் போவது அடுத்த மேசைக்குத்தான் என்பதால், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து இடுக்கியால் எடுத்துத் தரும் கடையை விரும்புங்கள்.

மத்தியானம்: பன்னிரண்டரைக்குள்

மத்தியானத்துக்குப் புளியந்தீவை விட்டு எங்கும் போக வேண்டாம். அலுவலகக்காரர், ஆசிரியர், சட்டத்தரணி, வங்கி ஊழியர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசிக்கும் ஊர் அது. தினமும் வருகிறவர்களுக்குச் சமைக்கும் கடை ஒருநாள் சொதப்பினால் மறுநாள் ஆள் வராது. சுற்றுலாக்காரரை மட்டும் நம்பும் கடைக்கு அந்தப் பயம் கிடையாது. பதினொன்றரைக்கே சோற்றுப் பார்சல்கள் கட்டி அடுக்கும் கடை எது என்று பாருங்கள். பார்சல் வாங்க மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் வாசல்தான் நல்ல வாசல்.

உள்ளே போனதும் கறிகளைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். நல்ல மத்தியானத் தட்டு இப்படி இருக்கும். சிவப்பு நாட்டரிசிச் சோறு. ஒரு பக்கம் பருப்பு. அடுத்து அன்றன்றைக்குச் சந்தையில் கிடைத்த மரக்கறி, கத்தரிக்காயோ பூசணியோ பயற்றங்காயோ. முருங்கை இலை அல்லது பொன்னாங்காணிச் சுண்டல். மேலே ஒரு அப்பளமும் பொரித்த மிளகாயும். தனிக் கிண்ணத்தில் மீன் கறி. இவற்றில் கடையின் தரத்தைக் காட்டிக்கொடுப்பது இலைச் சுண்டல். கீரை ஆய்வதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். அரிந்து, தேங்காய்ப்பூப் போட்டு, பச்சை நிறம் மாறாமல் இறக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு அது பச்சையாக இருந்தால் சமையலறையில் அக்கறையுள்ள ஒருவர் இருக்கிறார். கறுத்துச் சுருண்டு கிடந்தால் மற்றக் கறிகளும் காலையிலேயே முடிந்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான கடைகளில் சோறும் மரக்கறியும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். மீன், இறால், இறைச்சிக்குத் துண்டுக் கணக்கில் தனி விலை. ஒரு மணிக்கே "சோறு முடிஞ்சுது" என்று கைவிரிக்கும் கடையை மனத்தில் குறித்து வைத்து மறுநாள் முந்திப் போங்கள். மூன்று மணிக்கும் எல்லாக் கறியும் நிறைய இருக்கும் கடையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பெண்கள் சேர்ந்து நடத்தும் உணவகங்களைக் கண்டால் தவறவிடாதீர்கள். வடக்கில் விவசாயத் திணைக்களத்தின் ஆதரவோடு யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலும் வவுனியாவிலும் நடக்கும் அம்மாச்சி உணவகங்களும், தெற்கில் அதே போக்கில் நடக்கும் ஹெல பொஜுன் கடைகளும் இதற்கு முன்மாதிரி. உள்ளூர்த் தானியம், கீரை, கண்முன்னே சமைத்துக் கொடுப்பது, நியாய விலை என்பவை அவற்றின் அடையாளம். கிழக்கிலும் மகளிர் சங்கங்கள் நடத்தும் சிறு சாப்பாட்டுக் கடைகளில் வீட்டுக் கைப்பக்குவம் அப்படியே இருக்கும்.

ஆத்து மீனா, கடல் மீனா?

வாவியை இங்கே பேச்சில் ஆறு என்பார்கள். அதில் பிடிப்பது ஆத்து மீன். எந்தக் கடையிலும் மீன் சொல்வதற்கு முன்னால் "ஆத்து மீனா, கடல் மீனா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியோடு பரிமாறுபவரின் முகம் மாறும். நீங்கள் விஷயம் தெரிந்தவர் என்று புரிந்துகொண்டு, உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து உண்மையைச் சொல்வார்.

கிழக்குக் கடல் எல்லா மாதமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மார்ச் தொடங்கி செப்ரெம்பர் வரை கடல் அமைதியாகக் கிடக்கும். கரைவலை இழுப்பதும் இந்தக் காலத்தில்தான். பாரை, சூரை, அறக்குளா, நெத்தலி, கணவாய் எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். நவம்பரிலிருந்து வாடைக் காற்றும் மழையும் பிடித்தால் சிறு வள்ளங்கள் கடலுக்குப் போகாது. அப்போது "கடல் மீன் இரிக்கி" என்று சொல்லும் கடையில் ஐஸில் கிடந்த மீனாகத்தான் இருக்கும். அந்த மாதங்களில் ஆத்து மீனுக்கு மாறிவிடுங்கள். மணலை, கெளுத்தி, இறால், களப்பு நண்டு என்று வாவியே ஊருக்குச் சோறு போடும். பெருமழையில் வெள்ளம் ஏறி முகத்துவாரம் திறந்தால் வளர்ந்த இறால் கடலை நோக்கிப் போகத் தொடங்கும், வழியில் வலைகளில் விழும். அந்த நாட்களில் எந்தக் கடையிலும் இறால் கேட்கலாம்.

கணவாயைப் பிரட்டலாகவும், சிறு மீனைப் பொரியலாகவும், மணலையைத் தேங்காய்ப்பால் விட்ட வெள்ளைக் கறியாகவும் கேளுங்கள். சுறாவோ திருக்கையோ கிடைத்தால் வறை. அவித்து, முள்ளெடுத்து, உதிர்த்து, தேங்காய்ப்பூவோடு வறுத்து எடுப்பது. சோற்றுக்கும் பிட்டுக்கும் அதைவிடப் பொருத்தமான துணை இல்லை. முஸ்லிம் கடைகளில் குழம்பை ஆணம் என்பார்கள். அங்கே மீனாணம் என்று கேட்டால் போதும்.

நண்டு சாப்பிடத்தான் பலர் மட்டக்களப்புக்கு வருகிறார்கள், ஏமாறுவதும் அதில்தான். நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. காலையில் சந்தைக்கோ வாவிக்கரைக்கோ போய் நண்டை நீங்களே வாங்கி, தங்கியிருக்கும் விருந்தினர் விடுதியில் கொடுத்துச் சமைக்கச் சொல்வது. பல விடுதிகளில் சமையல் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு செய்து தருவார்கள். கூலியை முதல்நாளே பேசிக்கொள்ளுங்கள். சந்தையில் பேச்சு இப்படிப் போகும்:

"அண்ணன், இது ஆத்து நண்டா?"

"ஆத்து நண்டுதான் தங்கச்சி. விடியப் பிடிச்சது. தூக்கிப் பாருங்க, பாரமா இரிக்கும்."

"இப்ப நிலாக் காலமெல்லா? சதை இரிக்குமா?"

"அதான் இத எடுத்துத் தாறன். அங்கால கிடக்கிறது வெறுங்கோது. ஒங்களுக்குப் பொய் சொல்லி மறுகா நாளைக்கு யாருக்கு விக்கிற?"

நிலாக் காலத்து நண்டில் சதை குறைவு என்பது மீனவர் நம்பிக்கை. நம்பினாலும் நம்பாவிட்டாலும் கையால் பார்க்கும் முறை எல்லா நாளுக்கும் பொருந்தும். ஒரே அளவான இரண்டு நண்டுகளை இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்துப் பாரமானதை எடுங்கள். வயிற்றுப் பக்கத்தில், கால்கள் தொடங்கும் இடத்துக்கு அருகே பெருவிரலால் அழுத்துங்கள். உள்ளே அமுங்கினால் அண்மையில்தான் ஓடு கழற்றியிருக்கிறது, தண்ணீர்தான் இருக்கும். கல்லாக நின்றால் சதை நிறைந்தது. உயிரோடு, கால் கட்டியதாக வாங்குங்கள். சமைக்கச் சொல்லும்போது முருங்கை இலை போடச் சொல்ல மறக்க வேண்டாம்.

பின்னேரமும் இரவும்: கல்லடி, காத்தான்குடி

பின்னேரம் கல்லடிக் கடற்கரையில் தள்ளுவண்டிகள் வந்துவிடும். கச்சான், அவித்த சோளம், உப்பும் கொச்சிக்காய்த் தூளும் போட்ட மாங்காய், இறால் வடை. இறால் வடையில் மேலே பதித்த இறாலைவிட எண்ணெயைப் பாருங்கள். கறுப்பு எண்ணெயென்றால் கச்சானோடு நிறுத்திக்கொள்ளலாம். புளியந்தீவில் காந்தி பூங்காப் பக்கம் வாவிக் காற்று வாங்க வருபவர்களை நம்பியும் சிற்றுண்டிக் கடைகள் உண்டு.

இரவுச் சாப்பாட்டுக்குக் காத்தான்குடிக்குப் போங்கள். பட்டினத்திலிருந்து கல்முனை வீதியில் சில நிமிட ஓட்டம். வீதி நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாக வரும்போது வந்துவிட்டோம் என்று அறிந்துகொள்ளலாம். கொத்து ரொட்டி, பராட்டா, புரியாணி, ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி எல்லாம் இங்கே கைவந்த கலை. கொத்து ரொட்டியே கிழக்கில் பிறந்ததுதான் என்று இங்கே அடித்துச் சொல்வார்கள். அதை வாதிடுவதைவிடச் சாப்பிடுவது நல்லது.

நல்ல கொத்தை அடையாளம் காண அடுப்படியைப் பாருங்கள். பெரும்பாலும் வாசலிலேயே இருக்கும். ரொட்டி அன்றைக்குத் தட்டியதாக இருக்க வேண்டும். முன்கூட்டியே வெட்டிக் குவித்து வைத்த ரொட்டி காய்ந்து போயிருக்கும். முட்டையும் வெங்காயமும் கோவாவும் கல்லில் வதங்கிய பிறகுதான் ரொட்டி விழ வேண்டும். கடைசியில் ஆணம் ஊற்றி இரண்டு தகடுகளாலும் கொத்துவார்கள். "ஆணத்தைத் தனியாத் தாங்க" என்று கேட்டால் சற்று உலர்வாகவும், தொட்டுக்கொள்ள ஆணம் தனியாகவும் வரும். உறைப்புத் தாங்காதவர்கள் "உறைப்பு ஒள்ளுப்பம் குறைவாப் போடுங்க காக்கா" என்று முதலிலேயே சொல்ல வேண்டும். ஒரு கொத்து இரண்டு பேருக்குக் காணும். ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில் போனால் கல் சூடாக இருக்கும், சரக்கும் புதிதாக இருக்கும்.

சாப்பிட்ட பிறகு வட்டிலப்பம், பலூடா, இஞ்சிப் பிளேன்ரீ இவற்றில் ஒன்று. வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போக மஸ்கட், தொதல். குடும்பத்தோடு வருபவர்களுக்குப் பல கடைகளில் தனி அறையோ திரை போட்ட இடமோ இருக்கும், கேட்டு வாங்குங்கள். மதுபானத்துக்கு இங்கே இடமில்லை, வெளியிலிருந்து கொண்டுவருவதும் கூடாது. அடக்கமான உடுப்பு உங்களுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

பாசிக்குடா: வேலிக்கு வெளியே

பட்டினத்துக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றரில் பாசிக்குடா. போர் முடிந்து 2011 இலிருந்து பெரிய விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த குடா. சாப்பாட்டோடு சேர்த்து அறைக் காசு வாங்கும் விடுதிகளில், எல்லா நாட்டாருக்கும் ஒத்துப்போக வேண்டும் என்று கொச்சிக்காயைக் குறைத்து, புளியைக் குறைத்து, கடைசியில் கறியையே குறைத்துவிடுகிறார்கள். மெக்சிகோவின் கோசுமெல் தீவிலும் இதே கதைதான். உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் கடற்கரை வீதியில் பயணிகள் சாப்பிடுவார்கள், ஊர்க்காரர் சில தெரு உள்ளே தள்ளிப் போய்ச் சாப்பிடுவார்கள். பாசிக்குடாவில் அந்த உள்தெரு வாழைச்சேனை, ஓட்டமாவடி.

மீன்பிடித் துறைமுகம் வாழைச்சேனையில் இருப்பதால் கடல் மீனுக்கு அங்குள்ள மத்தியானக் கடைகள் நல்லவை. ஓட்டமாவடி கொழும்புப் பாதையில் இருப்பதால் பஸ்களும் லொறிகளும் நின்று போகும், இரவிலும் அடுப்பு எரியும். அறையைப் பதிவு செய்யும்போதே காலைச் சாப்பாடு மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள். மிச்ச இரண்டு வேளையும் வெளியே சாப்பிட்டால், முச்சக்கர வண்டிக் காசு போக மிஞ்சும்.

முச்சக்கர வண்டிக்காரரிடம் "நல்ல ரெஸ்டோரண்டுக்கு விடுங்க" என்று சொல்லாதீர்கள். கமிஷன் கொடுக்கும் இடத்தில் கொண்டுபோய் விட்டாலும் குற்றம் சொல்ல முடியாது. "தம்பி, நீங்க மத்தியானம் எங்க சாப்பிடுறீங்க?" என்று கேளுங்கள். முதலில் வெட்கப்பட்டு, "அது சின்னக் கடை" என்பார். அந்தச் சின்னக் கடைக்கே விடச் சொல்லுங்கள். அவருக்கும் ஒரு சாப்பாடு சொல்லிவிட்டால் நண்டு எங்கே மலிவு, தயிர் எங்கே வாங்கலாம் என்ற விவரங்கள் தானாக வரும்.

படுவான்கரைத் தயிர்

மட்டக்களப்புத் தயிர் மண்சட்டியில் உறையும் எருமைத் தயிர். சட்டி தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் தயிர் கட்டியாக நிற்கும். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளிலும் படுவான்கரைப் பட்டிகளிலும் மேயும் கால்நடைகளின் பாலை நம்பியே இந்தத் தொழில் நடக்கிறது. அந்த மேய்ச்சல் தரையில் அத்துமீறிய பயிர்ச்செய்கையை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 இல் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். தயிரின் விலை ஏறும்போது அந்தக் காரணத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வீதியோரத்தில் அடுக்கியிருக்கும் சட்டிகளில் வெயில் படாமல் மூடி வைத்ததை எடுங்கள். சட்டியை மெதுவாகச் சரித்தால் தயிர் அசையக் கூடாது. மேலே ஆடை பிடித்திருக்க வேண்டும். தண்ணீர் பிரிந்து நின்றால் பழசு. எப்போது உறை போட்டது என்று கேளுங்கள், "நேத்து" என்பதே நல்ல பதில். அன்றைக்கே சாப்பிட்டு முடியுங்கள். கித்துள் பாணியோ தேனோ கிடைத்தால் வேறு இனிப்பு வேண்டாம்.

நாளும் கிழமையும்

நேரத்தைப் போலக் கிழமையும் முக்கியம்.

வெள்ளிக்கிழமை: பல சைவக் குடும்பங்கள் மரக்கறி சாப்பிடும் நாள், தமிழ்க் கடைகளில் மீன் வகை குறையும். முஸ்லிம் கடைகள் ஜும்ஆத் தொழுகைக்காக மத்தியானம் பூட்டியிருக்கும். ஆகவே அன்றைக்குச் சைவக் கடைதான் சரியான இடம், மரக்கறியும் அன்று சிறப்பாக இருக்கும்.

ரமழான்: காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் பகலில் கடைகள் பூட்டு. பின்னேரம் நோன்புக் கஞ்சியும் சமோசாவும் வீதிக்கு வரும். இரவு முழுக்க ஊர் விழித்திருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு வருடத்திலேயே சிறந்த மாதம் இதுதான்.

போயா தினம்: நாடு முழுக்க மதுபான விற்பனை இல்லை, இறைச்சிக் கடைகளும் பூட்டு. மீனை நம்புங்கள்.

வைகாசிச் சடங்கு: கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும் நாட்களில் அந்தந்த ஊர்களில் பல வீடுகளில் மீன் சமைக்க மாட்டார்கள். ஊருக்குள் போகும்போது அதை மதியுங்கள். ஆடி அமாவாசையை ஒட்டி அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழா நடக்கும்போது அந்தப் பக்கம் தற்காலிகக் கடைகள் நிறையும், அன்னதானமும் உண்டு.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலங்கையில் சம்பலிலும் சுண்டலிலும் மாசிக் கருவாடு சேர்ப்பது சாதாரணம். "மரக்கறிதானே?" என்று கேட்டால் "ஓம்" என்று விடுவார்கள். "மாசி போட்டதா?" என்று தனியாகக் கேளுங்கள். சைவக் கடை என்று பலகை போட்ட இடத்தில் இந்தக் கவலை இல்லை.

கணக்கும் மற்றவையும்

சாதாரணக் கடைகளில் விலைப்பட்டியல் சுவரில் இருக்கும், அல்லது கேட்டால் சொல்வார்கள். நண்டும் பெரிய இறாலும் பட்டியலில் இல்லாமல் நிறைக்கு விற்பவை. அவற்றுக்கு மட்டும் சமைக்கும் முன்னரே மொத்தக் காசு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுற்றுலா விடுதிகளில் பட்டியல் விலைக்கு மேல் நூற்றுக்குப் பத்து சேவைக் கட்டணமும் வரியும் ஏறக்கூடும். சிறு கடையில் அப்படி எதுவும் இல்லை, மிச்சச் சில்லறையைப் பரிமாறிய தம்பிக்குக் கொடுத்தால் சந்தோஷப்படுவார்.

கை கழுவும் இடத்தை முதலில் பாருங்கள். அங்கே சவர்க்காரம் இருந்து, தண்ணீர் வந்து, நிலம் காய்ந்திருந்தால் சமையலறையும் அப்படித்தான் இருக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கொடுத்த தரச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் கடையென்றால் இன்னும் நல்லது. குடிக்கக் கொதித்தாறிய தண்ணீர் கேளுங்கள், அல்லது போத்தல் வாங்குங்கள்.

ஒரே நாள்தான் இருக்கிறது, மறுநாள் காலை புறப்பட வேண்டும் என்பவர்களுக்கு வரிசை இது. காலை ஏழுக்குப் பட்டினத்தில் பிட்டும் மீன் கறியும், கடைசிப் பிடி தயிரோடு. எட்டரைக்குச் சந்தையில் நண்டு வாங்கி விடுதியில் கொடுத்து, மறுநாள் காலைப் பிட்டுக்குக் கறியாக்கி வைக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டுக்குப் புளியந்தீவில் சோறு, அதில் இலைச் சுண்டல் இருக்க வேண்டும். பின்னேரம் மண்முனைப் பாலத்தால் படுவான்கரைக்குப் போய் ஒரு சட்டித் தயிர். இரவு எட்டுக்குக் காத்தான்குடியில் கொத்து, இருவருக்கு ஒன்று. அன்று வெள்ளிக்கிழமையென்றால் மத்தியானத்தைச் சைவக் கடைக்கு மாற்றுங்கள். ரமழானென்றால் கொத்தை இன்னும் பிந்தி வைத்துக்கொள்ளுங்கள். நண்டு மட்டும் ஆறவிட்டுச் சாப்பிடத் தக்கது. முதல்நாள் கறி மறுநாள்தான் ருசி என்று எந்த வீட்டுக்காரரும் சொல்வார்.